ஆழிக்குமரன் ஆனந்தன்



மார்கழி மாத விடியற்காலையில் நம் தேவாரம், போடிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் குதித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெளியே பல் கிட்டும் குளிர். ஆனால் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஏறக்குறைய அப்படிப்பட்ட கடலில் நீந்தி வளர்ந்த ஒரு தமிழரின் கதை இது.

இலங்கையின் வடகோடியில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். கப்பலோட்டிகளின் ஊர். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! அந்த ஊரில் 1943-இல் பிறந்தவர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். படித்து வழக்கறிஞர் ஆனார். மனமோ கடலிலேயே இருந்தது.

பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, 1954-இல் பாக் நீரிணையை நீந்தி நம் கோடியக்கரைக்கு வந்தவர். ஆனந்தன் அதற்கும் மேலே போனார். 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி வந்து, அப்படியே திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம்! இரண்டு பகல், இரண்டு இரவுக்கும் மேல். கடலின் பிள்ளை என்ற பொருளில் மக்கள் அவரை 'ஆழிக்குமரன்' என்று அழைத்தார்கள்.

கின்னஸ் புத்தகத்திலும் அவர் பெயர் பல முறை ஏறியது. 1979-இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். 1980-இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். (நீங்கள் வகுப்பில் பத்து நிமிடம் பெஞ்சு மேல் நின்றாலே முகம் வாடுகிறதே!)

அடுத்து ஆங்கிலக் கால்வாய். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். தூரம் அவருக்குப் பெரிதல்ல. குளிர்தான் பெரிது. பாக் நீரிணையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆங்கிலக் கால்வாயிலோ நல்ல கோடையிலும் 16 முதல் 18 டிகிரிதான்.

16 டிகிரி என்றால் போடிமெட்டின் குளிர்கால காலைதானே, ஒரு ஸ்வெட்டர் போதுமே என்று நினைப்பீர்கள். காற்று வேறு, நீர் வேறு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. கை கால் விறைக்கும், நினைவு தடுமாறும். எத்தனை பலசாலியாக இருந்தாலும் இதுதான்.

குளிர்க்கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் இதற்காகவே 'வெட்சூட்' என்ற ரப்பர் உடை அணிகிறார்கள். அதன் நியோப்ரீன் ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் உண்டு. அவை வெப்பத்தை வெளியே விடாது. உடைக்கும் தோலுக்கும் நடுவே புகும் கொஞ்ச நீரும் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். உடை தொளதொளவென்று இருந்தால் புதுநீர் புகுந்து புகுந்து சூட்டைக் கொண்டு போய்விடும். அதனால் உடலோடு ஒட்டியதாகத்தான் எடுக்க வேண்டும். 16 டிகிரிக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே ஐந்து, ஆறு மில்லிமீட்டரோடு கையுறை, காலுறை, தலைமூடியும் வேண்டும். நம் கோவளத்தில் அலைச்சறுக்கும் பிள்ளைகளுக்கு இது எதுவும் தேவையில்லை.

ஆனால் ஆங்கிலக் கால்வாயை நீந்துவோருக்கு வெட்சூட் கூடாது என்பது விதி. சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசிக்கொள்ளக் கொழுப்பு. அவ்வளவுதான்! கடுமையான விதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது அங்கே நீந்த விரும்புவோர், 16 டிகிரி அல்லது அதற்கும் குளிர்ந்த நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்டிய பிறகே அனுமதி பெற முடியும்.

1984 ஆகஸ்ட் 6. ஆனந்தன் அந்தக் கடலில் இறங்கினார். பாக் நீரிணையில் போகவும் வரவும் கரை தொட்ட அவர், இம்முறை மறுகரையைத் தொடவில்லை. நீந்தும் முயற்சியிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.