ஜோன் ஹரிசன் (1693 – 1776)

இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் தச்சரொருவரின் மகனாகப் பிறந்தவர் ஜோன் ஹரிசன். அக்காலத்தில் நடுக்கடலில் நெட்டாங்கை அறிய வழியின்றிக் கப்பல்கள் பாறைகளில் மோதி அழிந்தன. எனவே 1714 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது. புவி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்துடன் ஒப்பிட்டால் நெட்டாங்கைக் கணிக்கலாம். இதற்கென, அலைகளிலும் பிழையாது ஓடும் கடிகாரத்தை அமைக்க ஹரிசன் முயன்றார். விண்பொருள்களை நோக்கிக் கணிப்பதையே நம்பிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை.

அவரது நான்காவது கடிகாரம், 1761 இல் தொடங்கிய ஜமெய்க்காப் பயணத்தில் சுமார் 5 செக்கன் பிழையே காட்டியது. ஆயினும் நெட்டாங்குச் சபை 1765 இல் பாதித் தொகையையே வழங்கியது. 1773 இல், அவரது 80ஆவது வயதில், பாராளுமன்றமே மேலும் 8,750 பவுண் வழங்கியது.

பரிசு யாவருக்கும் பொதுவாக இருந்தமையால் தச்சரின் மகனும் போட்டியிட முடிந்தது. ஆனால் உரியதைப் பெற அவர் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க நேர்ந்தது.