தோற்ற கல்லூரி கூட்டிச் சென்ற ஆசிரியர்

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிளெம்சன் என்று ஒரு விவசாயக் கல்லூரி. மாணவர்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. ஆனால் பயிற்சி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஏது?

ரிக்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சங்கம் அமைத்து நன்கொடை திரட்டினார். சேர்ந்தது 415 டாலர் 11 சென்ட். சில்லறைகூட விடாமல் கணக்கு! அந்தப் பணத்தில் 1900-ம் ஆண்டு வந்தவர்தான் ஜான் ஹைஸ்மன். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரும் பரிசு இவர் பெயரில்தான் இருக்கிறது.

ஹைஸ்மன் சட்டம் படித்தவர். வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. கோடையில் நாடகத்தில் வேஷம் கட்டுவார். அவர் வந்த முதல் ஆண்டில் கிளெம்சன் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

1903-ல் ஜார்ஜியா டெக் கல்லூரியுடன் ஆட்டம். கிளெம்சன் 73, ஜார்ஜியா டெக் பூஜ்யம்! தோற்றவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. வென்ற ஆசிரியரையே கூப்பிட்டார்கள். ஆண்டுக்கு 2,250 டாலர் சம்பளம். சொந்த மைதானத்து டிக்கெட் வசூலில் 30 சதவீதம் வேறு. நன்கொடைப் பணம் இதற்கு ஈடாகுமா? 1904-ல் ஹைஸ்மன் அட்லாண்டா போய்விட்டார்.

அங்கே 16 பருவங்கள் இருந்தார். 1916-ல் கம்பர்லண்டு என்ற சிறு கல்லூரியை அவர் அணி 222-0 என்று அடித்து நொறுக்கியது. இது கொஞ்சம் அதிகம்தான்!

1919-ல் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. மனைவி அட்லாண்டாவிலேயே இருக்க விரும்பினார். ஹைஸ்மன் சம்பளத்தையும் வசூல் பங்கையும் விட்டுவிட்டு, ஊரைவிட்டே கிளம்பினார்.