அரசு அஞ்சிய பாடகர்

1965-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் விலைவாசி ஐந்நூறு சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. பணம் மதிப்பிழந்து மக்கள் அல்லாடிக்கொண்டிருந்த அந்நேரத்தில், அரசு நான்கு சகோதரர்களைச் சிறையில் அடைத்தது. கிதார் இசைத்து மேலைநாட்டுப் பாணியில் பாடியதே அவர்கள் செய்த குற்றம். அவர்களின் தலைவர் டோனி குஸ்வோயோ.

கிழக்கு ஜாவாவின் துபான் என்னும் கடற்கரை ஊரில் 1936-இல் பிறந்தவர் டோனி. குடும்பம் 1952-இல் ஜகார்த்தாவுக்குக் குடிபெயர்ந்தது. சகோதரர்களுடன் அவர் அமைத்த இசைக்குழு 1962-இல் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கியது. அமெரிக்காவின் எவர்லி சகோதரர்களும் பின்னர் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினரும் அவர்களுக்கு முன்மாதிரிகள். ஆனால், பாட்டின் சொற்கள் இந்தோனேசிய மொழியில் அமைந்தன.

இங்குதான் டோனியின் பங்களிப்பு தொடங்குகிறது. இந்தோனேசிய மொழி என்பது அடிப்படையில் மலாய் மொழியே. மக்கள்தொகையில் மிகுந்தவர்கள் ஜாவானியர்கள். எனினும், 1928-இல் கூடிய இளைஞர் மாநாடு, துறைமுகங்களில் பல இனத்தாரையும் இணைத்த மலாயையே இந்தோனேசிய மொழி என்ற பெயரில் பொதுமொழியாக ஏற்றது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியதாகப் பலர் கற்ற அம்மொழியைக் காதலுக்கும் ஏக்கத்துக்கும் உரியதாக்கியதில் திரைப்படத்துக்கும் பாட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. ஜாவானியரான டோனி, யாவருக்கும் விளங்கும் சின்னஞ்சிறு தொடர்களில் அதைச் செய்தார்.

அதிபர் சுகர்னோவோ, மேலை இசை தேசியப் பண்பாட்டைக் கெடுக்கும் என்று 1959 முதலே எச்சரித்துவந்தார். 1965 ஜூன் இறுதியில் ஜகார்த்தாவில் நடந்த ஒரு விருந்தில் இவர்கள் பீட்டில்ஸ் பாடலை இசைக்க, வெளியே திரண்ட கூட்டம் கல்லெறிந்தது. கல்லெறிந்தவர்களை விட்டுவிட்டுப் பாடியவர்களைக் கைது செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் குளோடோக் சிறையில் கழிந்தன. செப்டம்பர் 29-இல் விடுதலை கிடைத்தது. மறுநாள் இரவு தொடங்கிய ராணுவத் தளபதிகளின் கடத்தலும் கொலையும், அவற்றைத் தொடர்ந்த படுகொலைகளும் சுகர்னோவின் ஆட்சியையே சாய்த்தன.

அதே காலத்தில் இந்தோனேசியா, ஏறக்குறைய தன் மொழியையே பேசும் மலேசியாவுடன் ஆயுத மோதலிலும் ஈடுபட்டிருந்தது. இரு மொழிகளுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. மலேசியாவில் 'கெரெத்தா' என்றால் கார், இந்தோனேசியாவில் ரயில். 'பெர்ச்சுமா' அங்கே இலவசம், இங்கே வீண். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் விட்டுச்சென்ற சொற்களும் எழுத்துமுறைகளும் இடைவெளியைக் கூட்டின. ஆயினும், ஒரு கரையின் பாட்டு மறுகரைக்குப் புரியாமல் போகவில்லை. 1966-இல் மோதல் முடிந்தது. 1972-இல் இரு நாடுகளும் பொதுவான எழுத்துமுறையை ஏற்றன. டோனியின் குடும்பப் பெயரோ, 'உ' ஒலியை இரண்டு எழுத்துகளால் குறிக்கும் பழைய டச்சு முறையிலேயே நின்றது.

1969-இல் ஒரு தம்பி விலக, மர்ரி என்னும் வெளியாள் தாளக்கருவி வாசிக்கச் சேர்ந்தார். குழு 'குஸ் பிளஸ்' ஆனது. அதன் முதல் இசைத்தட்டை விற்கக் கடைகள் தயங்கின. வானொலியில் ஒலித்த பின்னரே மக்கள் தேடி வந்தனர். 1970-களில் ஒரே குழுவாக இந்தோனேசியப் பாடல்களோடு, மலாய் இசைச் சாயலிலும் ஜாவா மொழியிலும் தனித்தனித் தொகுப்புகளை வெளியிட்டனர். தேசிய மொழியும் தாய்மொழியும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதை வாதமின்றி மெய்ப்பித்தனர்.

டோனி 1987 மார்ச் 27-இல், 51-ஆம் வயதில் மறைந்தார். தேசியப் பண்பாட்டுக்கு ஆபத்து என்று அரசு யாரைச் சிறையிட்டதோ, அவரே தேசிய மொழியை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர்களுள் ஒருவரானார். பண்பாட்டுக்குக் காவல் நிற்கப் புறப்படும் அரசுகள், அதை வளர்ப்பவர்களையே முதலில் பிடித்துவிடுகின்றன. விலைவாசியைக் கட்டுப்படுத்துவது அரசின் வேலை. பாட்டை மக்களிடம் விட்டுவிடலாம்.