கையால் பாடம் கேட்ட பட்டதாரி!

பேராசிரியர் பாடம் நடத்துகிறார். மாணவிகள் வேகமாகக் குறிப்பு எழுதுகிறார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆசிரியையிடம் ஒரு கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியை அந்தக் கையில் தம் விரல்களால் எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்த மாணவிக்குக் கண் தெரியாது. காதும் கேட்காது. அவர்தான் ஹெலன் கெல்லர். ஆசிரியையின் பெயர் ஆனி சலிவன். இடம்: அமெரிக்காவில் இருந்த ராட்கிளிப் பெண்கள் கல்லூரி. ஆண்டு 1900.

19 மாதக் குழந்தை

ஹெலன் 1880-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் பிறந்தார். பிறந்தபோது குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. 19-வது மாதத்தில் கடுமையான நோய் வந்தது. உயிர் பிழைத்தது, கண்ணும் காதும் போய்விட்டன.

1887-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆனி சலிவன் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 20. அவரும் சிறு வயதில் பார்வை கெட்டு, சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு பார்வை பெற்றவர். ஹெலனின் ஒரு கையில் குழாய்த் தண்ணீரை விழச் செய்து, மறு கையில் தண்ணீர் என்ற சொல்லை விரலால் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்று குழந்தைக்கு அன்று புரிந்தது. அதன் பிறகு படிப்பு வெகு வேகமாக நடந்தது.

பரீட்சையில் வந்த சோதனை

கல்லூரியில் சேரவேண்டும் என்பது ஹெலனின் ஆசை. நுழைவுப் பரீட்சையின் முதல் பகுதியை 1897-ல் எழுதினார். பள்ளித் தலைவரே கேள்விகளைக் கையில் எழுதிக் காட்டினார். ஹெலன் பதில்களை டைப் அடித்தார். அந்தச் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று தனி அறை கொடுத்தார்கள். எல்லாப் பாடங்களிலும் தேறினார்.

1899-ல் இரண்டாவது பகுதி. இந்தத் தடவை ஆனி கேள்வித்தாளைப் படித்துக் காட்டக்கூடாது என்று கல்லூரி அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வேறு ஒருவர் கேள்விகளைப் பிரெயில் எழுத்தில் எடுத்துக் கொடுத்தார். பிரெயில் என்பது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து.

அதில்தான் சிக்கல்! அந்நாளில் பிரெயில் முறை ஒன்றல்ல, பல. ஹெலன் அல்ஜீப்ரா கற்றது ஆங்கில முறையில். கேள்வித்தாளோ அமெரிக்க முறையில் இருக்கும். அடைப்புக்குறி, வர்க்கமூலக் குறி எல்லாமே வேறு! பரீட்சைக்கு இரண்டே நாள் இருக்கும்போதுதான் இது தெரிந்தது. முந்தின இரவு வரை புதுக் குறிகளுடன் போராடினார். ஆனாலும் பரீட்சையில் தேறிவிட்டார்.

நான்கு ஆண்டு உழைப்பு

கல்லூரிப் புத்தகங்களில் மிகச் சிலவே பிரெயிலில் இருந்தன. மற்றவற்றை ஆனி படித்து, சொல் சொல்லாகக் கையில் எழுதவேண்டும். மற்றப் பெண்கள் ஆடிப் பாடும் நேரத்திலும் இருவரும் புத்தகமும் கையுமாக இருந்தார்கள். ஏற்கெனவே பழுதான ஆனியின் கண்கள் மேலும் கெட்டன. படிப்புச் செலவுக்கு ரோஜர்ஸ் என்ற செல்வந்தர் உதவினார். அவரிடம் ஹெலனுக்காகப் பரிந்து பேசியவர் எழுத்தாளர் மார்க் ட்வைன்.

1904-ல் ஹெலன் சிறப்புத் தகுதியுடன் பி.ஏ. பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்தவர்களில் இந்தப் பட்டம் பெற்ற முதல் நபர் அவரே. ஒவ்வொரு பாடத்தையும் கூடவே படித்த ஆனிக்கு அன்று பட்டம் இல்லை. 1936-ல் அவர் காலமானார்.

ஹெலன் அம்மையார் பார்வையற்றோருக்காக உலகம் சுற்றினார். 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவப் பட்டம் அளித்தது. 1968-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, 87-வது வயதில் மறைந்தார்.

தயவு அல்ல, கடமை

1973-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் கல்லூரி எதுவும் உடற்குறையைக் காட்டி மாணவரை ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். பாடத்தைச் சைகையில் சொல்ல ஆள், படிக்கக்கூடிய வடிவில் புத்தகம் போன்ற உதவிகளைத் தருவது அதன் கீழ் வந்த விதிகளால் கல்லூரிகளின் கடமையாயிற்று.

ஹெலனுக்கு இவை ஓர் ஆசிரியையின் அன்பாலும் ஒரு செல்வந்தரின் தயவாலும் கிடைத்தன. அந்த இரண்டும் எல்லோருக்கும் வாய்க்காது. அவருக்குத் தேவைப்பட்டது மார்க்கில் சலுகை அல்ல. கேள்வி கைக்கு எட்டவேண்டும், அவ்வளவுதான். எட்டியபோது பதிலை அவரே எழுதினார்.