பொட்டணி வியாபாரியாகத் தோட்டத்துக்குள் போனவர்

கடந்த மாதம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். புடவைக் கடையொன்றில் மூன்று வருடம் வேலை செய்தவள். வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே முதலாளி ஏசுவதைத் தாங்க முடியாமல் விலகிவிட்டாள். ஊழியர் சேமலாப நிதி கிடைத்ததா என்று கேட்டேன். சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் தன் பெயரில் சேர வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவளைப் படிப்பித்தவள் நான். வெட்கமாக இருந்தது. அன்றிரவு கோ. நடேசய்யர் ஞாபகத்துக்கு வந்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் தேயிலைத் தோட்டம் தனி இராச்சியமாக இருந்தது. துரையின் அனுமதியில்லாமல் வெளியார் உள்ளே கால் வைத்தால் வழக்கு. கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் ஏச்சும் அடியும் ஒழியவில்லை.

புடவை மூட்டை சுமந்து வரும் பொட்டணி வியாபாரிகளைத் தோட்டங்களில் தடுப்பதில்லை. எங்கள் மூத்தவர்கள் பலர் செய்த தொழில் அது. அந்த வேடத்தில்தான் நடேசய்யர் லயங்களுக்குள் போய் மக்களின் நிலையைக் கண்டறிந்தார்.

கண்டதைத் தன் 'தேசபக்தன்' பத்திரிகையில் எழுதினார். 1925இல் சட்டசபைக்குத் தெரிவாகி அங்கும் பேசினார். 1927இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சட்டம் வந்தும் பெண்ணின் கூலி குறைவாகவே இருந்தது.

1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென சம்மேளனம் அமைத்தார். தொழிற்சங்கச் சட்டமே 1935இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் துணிவு விளங்கும். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார். 1936இல் ஹட்டன் மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது ஒன்றுண்டு. தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் நூலாக்கி அந்த மக்களின் கைக்குக் கொடுத்தார். சட்டம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அது துரையின் சொத்து என்பதை அவர் விளங்கியிருந்தார்.

1947இல் அவர் மறைந்தார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவர்களாக்கியது. சட்டம் கொடுக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். அதனால்தான் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று கடைகளிலும் தைக்கும் தொழிற்சாலைகளிலும் வீட்டு வேலைகளிலும் நமது பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலாளிமாரிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு முறையான பாதுகாப்புத் தரும் சட்டம் வர வேண்டும். இருக்கும் சட்டங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவும் வேண்டும்.

அந்தப் பிள்ளையைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் முறைப்பாடு கொடுத்தோம். அடுத்த வாரம் பதினோராம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினேன். சேமலாப நிதிப் படிவம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்துதான் தொடங்கினேன்.