சிப்பாய்களின் ஒரு நாள் சம்பளம்

சென்ற வருடம் நோன்புக்கு முந்திய மாதம் என் உம்மும்மா 11 நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். காலில் ஏற்பட்ட ஒரு சிறு காயம் சீனி வருத்தத்தினால் ஆறாமல் பெரிதாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் இருப்பேன். அந்தக் காயத்தைத் திறக்கும்போது வரும் வாடைக்கு, பேத்தியான நான் கூட முகத்தைத் திருப்பியிருக்கிறேன். ஆனால் அதைக் கழுவிக் கட்டிய தாதி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. காயத்தின் அளவையும் நிறத்தையும் பார்த்து ஒவ்வொரு நாளும் குறித்து வைத்தார். உம்மும்மா அவரை மிஸ்ஸி, மிஸ்ஸி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கால் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

உம்மும்மா கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த மறுநாள், எல்லோரும் கூடியிருந்தபோது, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நான் தாதியாகப் போகப்போகிறேன் என்று சொன்னேன். வீடு அமைதியாகிவிட்டது. டொக்டர் என்றால் பரவாயில்லை, இரவு வேலையும் அந்நியர் நடுவில் நிற்பதும் நமக்குச் சரிவருமா என்று உம்மா கேட்டார். யார் பெண் கேட்டு வருவார்கள் என்று மாமி கேட்டார். முதலில் பரீட்சை எழுது, பிறகு பார்ப்போம் என்று வாப்பா பேச்சை முடித்துவிட்டார்.

அந்த வாரமே எமது தமிழ் இலக்கிய மன்றத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பற்றிப் பேச என் முறை வந்தது. நூலகத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிய நூலை எடுத்தேன். விளக்கேந்திய சீமாட்டி என்று சின்ன வகுப்பிலேயே நாம் எல்லோரும் படித்தவர்தான். தோழிகளே, விளக்கைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அவர் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், அங்கே தங்கியிருந்த ஓர் ஆங்கிலேயச் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இரண்டு பெரிய மாளிகைகள் இருந்தன. தந்தை வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு பெண்மக்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொடுத்தார். புளோரன்ஸுக்குக் கணிதத்தில் தனி விருப்பம். 1837இல், அவருக்கு 16 வயதாக இருந்தபோது, இறைவன் தன்னை ஒரு சேவைக்கு அழைப்பதாக உணர்ந்து அதை எழுதி வைத்தார். அது என்ன சேவை என்பது தெளிவாகப் பல வருடங்கள் சென்றன.

1845இல் அவர் வீட்டில் வாய் திறந்தார். அருகிலுள்ள சோல்ஸ்பரி வைத்தியசாலையில் சில மாதங்கள் தங்கி நோயாளரைப் பராமரிக்கக் கற்க வேண்டும் என்றார். தாய் திகைத்துப்போனார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தாதி வேலைக்குப் பயிற்சியும் இல்லை, மரியாதையும் இல்லை. குடிப்பவர்கள், நடத்தை சரியில்லாதவர்கள் என்றுதான் தாதிகளைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் அமைதி என் காதில் மறுபடியும் கேட்டது. ஏறத்தாழ 180 வருடங்களுக்கு முன்பு, வேறு நாட்டில், வேறு மதத்தில், ஒரு மாளிகையில் கூட அதே பயம்தான் இருந்திருக்கிறது.

ஆனாலும் அவர் வீட்டாரை எதிர்த்து ஓடிப்போகவில்லை. வைத்தியசாலை அறிக்கைகளை வரவழைத்து, விடியற்காலையில் எழுந்து இரகசியமாகப் படித்தார். பல வருடங்களாகத் தன்னை மணக்க விரும்பிய ஒருவரை 1849இல் மறுத்தார். 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதங்கள் அளவில் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் ஒரு சிறு வைத்தியசாலைக்குப் பொறுப்பாளரானார். அப்போது தந்தை அவருக்கு வருடத்துக்கு 500 பவுண் கொடுக்கச் சம்மதித்தார். இந்த 500 பவுணைத் தோழிகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் மறுபடியும் வருவேன்.

1853இல் ரஷ்யாவுக்கும் உஸ்மானியத் துருக்கிக்கும் போர் மூண்டது. மறு வருடம் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. அதுவே கிரிமியப் போர். காயப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்று இலண்டன் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. போர் அமைச்சராக இருந்த சிட்னி ஹேர்பேர்ட் நைட்டிங்கேலின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி நைட்டிங்கேல் 38 தாதிகளுடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4ஆம் திகதி இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாரை அடைந்தார். அங்கே துருக்கி கொடுத்துதவிய பெரிய படைமுகாம் ஒன்றுதான் வைத்தியசாலையாக இருந்தது.

கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கி நின்றது. கட்டில் போதாது, பாத்திரம் போதாது, மாற்றுடுப்பு இல்லை. இவ்வளவு இருந்தும் இராணுவ வைத்தியர்கள் தாதிகளை நோயாளரிடம் விடவில்லை. நைட்டிங்கேலும் சண்டை பிடிக்கவில்லை. வைத்தியர்கள் அழைக்கும் வரை தன் தாதிகளை நோயாளரிடம் அனுப்பாமல் காத்திருந்தார். சில நாட்களுக்குள் இன்கர்மன் போர்க்களத்திலிருந்து காயப்பட்டவர்கள் குவிந்ததும் வைத்தியர்களே அவர்களை அழைத்தார்கள். அதன் பிறகு தரை தேய்க்கப்பட்டது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார். சிப்பாய்கள் வாசிக்க ஓர் அறை அமைத்தார். அவர்களுடைய சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்க உதவினார். இறப்பவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார்.

அவருக்கு இருந்த பெரிய குறை பதவிநிலை இல்லாமைதான். இராணுவத்தில் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பது தோளிலுள்ள அடையாளத்தைப் பொறுத்தது. தாதிக்கோ எந்த அடையாளமும் இல்லை. அவர் அதிகாரியும் அல்ல, சிப்பாயும் அல்ல. துருக்கியில் மட்டுமே உங்கள் அதிகாரம் செல்லும், கிரிமியாவில் செல்லாது என்று சிலர் தடுத்தார்கள். இராணுவ வைத்தியசாலைகளில் உள்ள தாதிகள் அனைவருக்கும் அவரே தலைவி என்ற உத்தரவு 1856 மார்ச்சில்தான் வந்தது. அதே மாத இறுதியில் போர் முடிந்துவிட்டது.

இனி, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விடயம். நைட்டிங்கேல் போனதும் மரணங்கள் உடனே குறைந்துவிட்டன என்று நான் நினைத்திருந்தேன். அப்படி அல்ல. அவர் இராப்பகலாக உழைத்த அந்த முதல் மாரிகாலத்தில்தான் மரணம் உச்சத்தைத் தொட்டது. 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் இலண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து கழிவுநீர்க் கால்வாய்களைக் கழுவித் திறந்துவிட்டது. காற்றோட்டமும் சீராக்கப்பட்டது. ஜூன் மாதம் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகு அவர் வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபர அறிஞருடன் அமர்ந்து இந்தக் கணக்குகளைப் பார்த்தார். சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது எதிரியின் குண்டு அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய் என்பது தெரிந்தது. உலகமே தன்னைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் அந்தக் கணக்கை மறைக்கவில்லை. எண்களை வாசிக்கப் பொறுமையில்லாத அமைச்சர்களுக்கும் விளங்கும்படி, ஒரு மாதத்துக்கு ஓர் இதழாக வட்டப் படங்கள் வரைந்தார். தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. அந்தப் படத்தைப் பார்த்தபோது உம்மும்மாவின் காயத்தைக் குறித்து வைத்த தாதியின் பேனை எனக்கு நினைவு வந்தது. 1858இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் நைட்டிங்கேலைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது அந்த 500 பவுணுக்கு வருகிறேன். நைட்டிங்கேல் தாதியாக முடிந்ததற்கு அவருடைய மனவுறுதி ஒரு காரணம். தந்தையின் பணம் இன்னொரு காரணம். பணமில்லாத வீட்டில் அதே மனவுறுதியோடு பிறந்த பெண் என்ன செய்வாள்?

அவர் துருக்கியில் இருந்தபோதே, 1855 நவம்பரில், இலண்டனில் அவருக்கு நன்றி சொல்ல ஒரு நிதி திரட்டத் தொடங்கினார்கள். நகையோ சிலையோ செய்யாமல், தாதிகளைப் பயிற்றுவிக்க அந்தப் பணத்தை அவரிடமே கொடுப்பது என்று முடிவானது. 44,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. அதில் பிரபுக்களின் பணம் இருந்தது. சாதாரணச் சிப்பாய்கள் மனமுவந்து கொடுத்த ஒரு நாள் சம்பளமும் இருந்தது. தங்கள் புண்ணைக் கழுவிய கைகளை அவர்கள் மறக்கவில்லை.

அந்த நிதியில்தான் 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டது. முதல் வருடம் 15 மாணவிகள். அவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். அதற்கு மேலாக வருடத்துக்கு 10 பவுண் கைச்செலவுக்குக் கொடுக்கப்பட்டது. தந்தையிடம் 500 பவுண் இல்லாத பெண்ணும் படிக்கலாம். அங்கே பயின்றவர்கள் நாடு நாடாகப் போய்ப் பாடசாலைகள் அமைத்தார்கள். 1868இல் லூசி ஒஸ்பேர்ன் ஐந்து பேருடன் சிட்னிக்குப் போனார். விளக்கை விட இந்த 10 பவுண்தான் நைட்டிங்கேலின் பெரிய கொடை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதவிநிலை கிடைக்க இன்னும் நீண்ட காலம் ஆனது. இந்திய இராணுவ வைத்தியசாலைகளுக்கென முதல் பத்துத் தாதிகள் 1888இல் பம்பாயில் வந்து இறங்கினார்கள். பிரித்தானிய இராணுவத் தாதிகளுக்கு 1941இலும் இந்திய இராணுவத் தாதிகளுக்கு 1943இலும்தான் அதிகாரி என்ற அந்தஸ்து கிடைத்தது. 1976இல் கேர்ட்ரூட் அலிஸ் ராம் என்ற தாதி இந்திய இராணுவத்தின் முதல் பெண் மேஜர் ஜெனரல் ஆனார். இன்று அமெரிக்க இராணுவத்தில், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவருக்குச் சம்பளத்தையும் நிறுத்தாமல், தாதியர் பட்டப்படிப்புக்கான செலவையும் கொடுத்து, முடித்ததும் அதிகாரியாக நியமிக்கும் புலமைப்பரிசில் திட்டம் இருக்கிறது. அன்று சிப்பாய் தன் சம்பளத்தைக் கொடுத்து ஒரு தாதியைப் படிக்க வைத்தான். இன்று சிப்பாயே தாதியாகப் படிக்கிறான்.

நம் நாட்டிலும் கதவுகள் உண்டு. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு மூன்று வருடம். படிக்கும் காலத்திலேயே மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு உண்டு. படித்து முடித்தவரை அரசாங்கம் தாதிய உத்தியோகத்தர் என்று அழைக்கிறது. உம்மும்மாவின் மிஸ்ஸி ஓர் உத்தியோகத்தர் என்று நம் வீடுகளில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

மன்றத்தில் நான் பேசி முடித்ததும் எமது இஸ்லாம் பாட ஆசிரியை ஒன்றை நினைவுபடுத்தினார். நபி (ஸல்) அவர்களின் காலத்தில், அகழ்ப்போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் இருந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்தே பராமரித்தார்கள். நைட்டிங்கேலுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்திய நிகழ்வு இது. அன்று மாலை இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நைட்டிங்கேல் 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி 90ஆவது வயதில் காலமானார். அரசர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் அவருடைய விருப்பப்படி வேண்டாம் என்றார்கள். ஊர்த் தேவாலயத்தில், பெற்றோருக்கு அருகில் அடக்கம் நடந்தது. அவரைச் சுமந்து சென்றவர்கள் ஆறு இராணுவ சார்ஜன்கள். கல்லறையில் அவருடைய பெயர் முழுமையாக இல்லை. இரண்டு முதலெழுத்துக்களும் பிறப்பு, இறப்பு விபரமும் மட்டுமே உண்டு.

எங்கள் வீட்டில் இன்னும் முடிவு எதுவும் ஆகவில்லை. மாமி தன் கேள்வியைக் கைவிடவில்லை. உம்மா யோசிக்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தபோது, இரவில் கால் கட்டை மாற்ற உம்மும்மா என்னைத்தான் கூப்பிட்டார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, காயத்தைப் பார்த்து, அளவைக் கொப்பியில் குறித்தேன். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில், அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் எப்போது கோருவார்கள் என்று கேட்டார்.