சேர் பொன்னம்பலம் இராமநாதன்

மட்டக்களப்பு வாவியின் இருகரை மக்களுக்காகவும் யாழ்ப்பாணத்தார்க்காகவும் கொழும்புச் சட்டநிரூபண சபையில் ஒரேயொரு தமிழ்ப் பிரதிநிதி பேசிய காலமொன்றிருந்தது. 1889ஆம் ஆண்டுவரை சோனகருக்கும் அவரே பிரதிநிதி. தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் மறைய, அவ்வாசனத்தில் அமர்ந்தவர் பொன்னம்பலம் இராமநாதன்.

1851 ஏப்ரல் 16இல் கொழும்பிற் பிறந்த அன்னார், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் கற்று அப்புக்காத்தானார். பின்னர் சொலிசிற்றர் ஜெனரல் பதவியும் வகித்தார். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு இச்சைவர் உரை எழுதினார் என்பதை மிஷன் பாடசாலையிற் படித்த நாம் பிற்காலத்திலேயே அறிந்தோம். ஆசிரியர் எவரும் சொன்னதில்லை!

1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு நடந்த தேர்தலில், சிங்கள வேட்பாளரான மாக்கஸ் பெர்ணாண்டோவை வென்றார். 1915ஆம் ஆண்டு சிங்கள, முஸ்லிம் கலகத்தின்போது அரசினர் இராணுவச் சட்டம் பிறப்பித்தனர். விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். இராமநாதன் சபையிலே அரசினரைக் கடுமையாகக் கண்டித்தார். உலகப்போர் நடக்கையில், கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயத்தையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று முறையிட்டார். திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர். இதனை நம் பெரியோர் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் அக்கலகத்திற் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1888இல் வாசித்த கட்டுரை அவர்தம் மனத்தை முன்னமே புண்படுத்தியிருந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். சோனகர் ஊரும் தமிழர் ஊரும் வேலிக்கு வேலி அமைந்த நமது பகுதியில், ஊர்வலத்தை மட்டும் சொல்லி இவ்வரலாற்றை மறைத்தல் நேர்மையாகாது. அநீதியை எதிர்த்த அவர் துணிவு மெய். அயலாரின் மனக்காயமும் மெய்யே.

1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். திருநெல்வேலியில் அவர் தாபித்த பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. எனினும், பெண்கல்விக்குப் பொருளை வாரி வழங்கிய அவரே பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென டொனமூர் ஆணைக்குழுவிடம் வாதாடினார். எமது சங்கத்துச் சகோதரிகள் இதற்கு விளக்கம் கேட்டபோது நாம் விடையின்றி நின்றோம்.

1930 நவம்பர் 26இல் அன்னார் காலமானார். மறு ஆண்டு நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர்.